அக்கா பையன் கல்லூரி வேண்டாம், கம்பெனிக்கு வருகிறேன் என்கிறான். என்ன சொல்லலாம்?

பவர்டேபிள் (திருப்பூர்)

வணக்கமுங்க. நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. பனியன் கம்பெனியில் கைமடி ஹெல்பராகச் சேர்ந்து, அப்புறம் டெய்லர், அப்புறம் காண்ட்ராக்ட், இப்போது பெருமாநல்லூர் ரோட்டில் சொந்தமாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கட்டிங் முடித்துக் கொடுப்பார்கள், நாங்கள் தைத்து செக்கிங் பண்ணி அனுப்புவோம். பெரிய ஆள் இல்லை, ஆனால் கடன்காரன் வீட்டுக்கு வந்து நிற்கிற நிலையும் இல்லை.

அக்கா பையன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். கணக்கு, கம்ப்யூட்டர் குரூப். மார்க் மோசமில்லை, பெரிய கல்லூரி கிடைக்கும் அளவுக்கும் இல்லை. லீவில் என் யூனிட்டுக்கு வந்து போனவன், இப்போது “மாமா, நாலு வருஷம் போய் உட்கார்ந்துட்டு வர்றதுக்கு இங்கயே தொழில் கத்துக்கறேன்” என்கிறான். கைவேலை நன்றாக வருகிறது, ஆட்களிடம் பேசவும் தெரிகிறது.

அக்காவுக்கு என் மேல்தான் கோபம். “நீ படிக்காம போனது போதாதா, என்ற பையனையும் கெடுக்கறயா” என்று போனிலேயே கத்துகிறார். மாப்பிள்ளை (அக்கா வீட்டுக்காரர்) வாயே திறப்பதில்லை.

திருப்பூரில் நான் பார்த்து மேலே வந்தவர்களில் பாதிப் பேர் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன். டிகிரி உண்மையிலேயே அவ்வளவு அவசியமா, இல்லை ஊருக்காகவா?

லேத்பட்டறை (கணபதி, கோவை)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பையனைக் கூட்டிக்கொண்டு வந்து மெஷினில் உட்கார வையுங்கள்.

கோயமுத்தூரை உண்டாக்கியவர்கள் யார்? ஜி.டி. நாயுடு 1893இல் கலங்கலில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்து யு.எம்.எஸ். என்று எவ்வளவு பெரிய கம்பெனி ஆக்கினார்! 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இங்கேயே மின் மோட்டார் செய்து காட்டினார். நம்ம காலத்திலேயே முருகானந்தம் இருக்கிறார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், நாப்கின் மெஷின் செய்து 2016இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

என் பட்டறைக்கு பி.இ. மெக்கானிக்கல் முடித்த பையன்கள் வருவார்கள். அளவெடுக்கும் வெர்னியரைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். டிராயிங் படிக்கத் தெரியாது. “காலேஜ்ல லேத் இருந்துச்சுங்ணா, தொட விடமாட்டாங்க” என்பான். நாலு வருஷம் அப்பன் காசு போனதுதான் மிச்சம்.

ரிக்வண்டி (திருச்செங்கோடு)

லேத்பட்டறை அண்ணன் சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் போர் போடும் ரிக் வண்டி ஒன்று கோடிக்கு மேல். அதை ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று கொண்டுபோய் மாசக்கணக்கில் ஓட்டி சம்பாதிக்கிறவர்களில் ஹெல்பராகப் போய் டிரில்லர் ஆகி, பத்துப் பேர் பங்கு போட்டு வண்டி எடுத்தவர்கள் நிறையப் பேர். எவனும் சர்டிபிகேட் கேட்டதில்லை. பாறை எங்கே வரும் என்று சத்தத்தை வைத்துச் சொல்லத் தெரியணும், அவ்வளவுதான்.

டிகிரி முடித்தவர்களிடம்தான் வேலையில்லாத் திண்டாட்டம் அதிகம் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. அப்புறம் எதற்கு?

வடவள்ளி வாத்தியார்

ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் ஆசிரியன் நான். இரண்டு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட்டு மேலே பேசலாம்.

ஜி.டி. நாயுடுவைச் சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் அந்த முதல் பஸ் வாங்கக் கை கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்கார மில் முதலாளி. நம்பிக் கடன் கொடுக்க ஒரு துரை இருந்தார். அப்புறம், நாயுடு கல்லூரிக்கு எதிரியே இல்லை. 1945இல் அப்போதைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்ததற்கு அவர்தான் காரணம். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி). அரசாங்கத்தோடு அவருக்கு வந்த சண்டை, நாலு வருஷம் எதற்கு, இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுத்து அனுப்பலாமே என்பதில்தான். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, இவர் விலகிவிட்டார். காலேஜே வேண்டாம் என்றவர் காலேஜ் ஆரம்பிப்பாரா?

ரிக்வண்டி தம்பிக்கு: பட்டதாரிகளிடம் வேலையின்மை அதிகம் என்பது சரிதான். படிக்காதவனுக்கு வேலை இல்லாமல் ஆறு மாதம் வீட்டில் உட்கார வசதி கிடையாது, கிடைத்ததைச் செய்வான். அவன் கூலிக்குப் போன அன்றே கணக்கில் ‘வேலையில் இருப்பவன்’ ஆகிவிடுவான். பட்டதாரி காத்திருக்கிறான், வீடு தாங்குகிறது. அந்த எண்ணை வைத்துப் படிப்பு வீண் என்று சொல்ல முடியாது.

சாயப்பட்டறை மகன் (திருப்பூர் தெற்கு)

எங்கள் அப்பாவும் பத்தாவதுதான். கொஞ்சம் பங்குதாரர்களோடு ஒரு சின்ன சாயப்பட்டறை வைத்திருந்தார். நான் ஸ்கூல் படிக்கும்போது எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை ஒரே அடியாக மூடியது நினைவிருக்கும். மூடியது தப்பு என்று சொல்ல வரவில்லை. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான். பெரிய ஆட்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியேற்றாத சுத்திகரிப்புக்கு முதலீடு போட்டுத் திரும்பி வந்தார்கள். எங்களைப் போன்ற சின்னவர்களால் முடியவில்லை. பட்டறை போனது, இடம் போனது. இன்னொரு கம்பெனியில் சூபர்வைசராகக் கேட்டுப் போனார். கலரை விரலில் தொட்டுப் பார்த்தே ரெசிபி சொல்வார், ஆனால் பெரிய கம்பெனிகளில் டையிங் மாஸ்டர் வேலைக்கு டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படித்தவனைத்தான் எடுத்தார்கள்.

படிக்காமல் ஜெயித்தவர்களைப் பற்றி இங்கே எல்லாரும் பேசுகிறீர்கள். அவர்கள் பேட்டி பேப்பரில் வரும், தொழில் மூடியவனிடம் யாரும் மைக் நீட்டமாட்டார்கள். நான் அரியர் வைத்து, தட்டுத்தடுமாறித்தான் டிகிரி முடித்தேன். ஆனாலும் ஒன்று தெரியும். பாங்க்காரன் மெஷினை ஜப்தி பண்ணுவான், டிகிரியை ஜப்தி பண்ண முடியாது.

மெர்ச்சி அக்கா (அவிநாசி)

மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், வெளிநாட்டுப் பையரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை. பவர்டேபிள் அண்ணா, ‘பாதிப் பேர் காலேஜ் வாசலை மிதித்ததில்லை’ என்கிறீர்களே, அவர்கள் எந்த வருஷம் தொழில் ஆரம்பித்தவர்கள்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆரம்பித்தவர்கள்தானே? அப்போது பையர் நேரில் வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, ஏஜென்ட் மூலமாகப் பேசி ஆர்டர் கொடுத்துவிட்டுப் போன காலம்.

இப்போது என் வேலையைச் சொல்கிறேன். காலையில் மெயில் திறந்தால் ஒரு ஆர்டருக்கு நாற்பது மெயில் இருக்கும். நூல் விலை, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், தையல் கூலி, லேபிள், பாக்ஸ் எல்லாம் போட்டு காஸ்டிங் அனுப்பணும். யூரோவில் ஒரு சென்ட் குறைத்துக் கேட்பான், எங்கே குறைக்கலாம் என்று உடனே தெரியணும். அப்புறம் ஆடிட். ஆர்கானிக் காட்டன் என்றால் பருத்தி வந்த வழி முழுக்கப் பேப்பர் காட்டணும். ஐரோப்பாவில் துணிக்கெல்லாம் டிஜிட்டல் பாஸ்போர்ட் கொண்டுவரப் போகிறார்கள், பூர்வீகம் முழுக்க அதில் ஏறும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, எந்த ஆர்டரை நிறுத்துவது, எதை வேறு நாட்டுப் பையருக்குத் திருப்புவது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்தோம். இதையெல்லாம் காலேஜில் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிதானமாகப் படித்துப் புரிந்துகொண்டு, தப்பில்லாமல் பதில் எழுதும் பழக்கம் அங்கேதான் வந்தது.

எங்கள் முதலாளி எட்டாவது. கணக்கில் புலி. அவர் பையன் எங்கே படிக்கிறான் தெரியுமா? இங்கிலாந்தில் எம்.பி.ஏ. படிக்கிறான். படிப்பு வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

ரிக்வண்டி

முதலாளி பையனுக்கு காசு இருக்கு, படிக்கிறான். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்.

ஊர்க்கோடி (தாராபுரம் பக்கம்)

முதலில் இருந்து படித்துக்கொண்டே வருகிறேன். எல்லாரும் பேசுகிறீர்கள், ஒரு விஷயத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

நாங்கள் அருந்ததியர். என் அப்பா பண்ணையத்தில் ஆளுக்காரராக இருந்தார், அம்மா களை வெட்டப் போவார். எனக்கு யூனிட் வைத்திருக்கும் மாமன் இல்லை. லேத் வைத்திருக்கும் சித்தப்பா இல்லை. பத்துப் பேர் பங்கு போட்டு ரிக் வண்டி வாங்கலாம் என்கிறீர்கள். அந்தப் பத்துப் பேர் யார்? எல்லாரும் ஒரே ஊர், ஒரே கூட்டம் (குலம்), ஒருத்தன் தோட்டத்தை ஒருத்தன் ஜாமீன் வைக்கிறவர்கள். நூல் கடைக்காரர் கடனுக்கு நூல் கொடுப்பது எதை நம்பி? “இன்னார் மகன்” என்பதை நம்பி. அதில் தப்பு சொல்லவில்லை, அப்படித்தான் இந்த ஊர்த் தொழில் வளர்ந்தது. ஆனால் ‘உழைப்பு இருந்தால் போதும்’ என்று நீங்கள் சொல்லும்போது அந்த உழைப்புக்குக் கீழே என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டே அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படித்தவன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் பலரும் அதே ஷிப்ட் முடித்து வந்தவர்கள்தான். கல்லூரி என்ன சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் இன்று நான் ஒரு வங்கியில் இருக்கிறேன். அங்கே எழுத்தர் வேலைக்கே பட்டம் கேட்கிறார்கள். பரீட்சை எழுதி வந்தேன். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு என் சொந்தக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் பொறியியலுக்கும் போனார்கள். பரீட்சைத் தாளில் யார் மகன் என்ற கேள்வி இல்லை.

மாமன் இருக்கிறவனுக்குக் கல்லூரி தேவையா என்பது வேறு கேள்வி. மாமன் இல்லாதவனுக்கு அதுதான் மாமன்.

லேத்பட்டறை

தம்பி, எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதீர்கள். என் பட்டறையில் யாரையும் அப்படிப் பார்த்தது கிடையாது. வேலை தெரிந்தால் போதும்.

ஊர்க்கோடி

நீங்கள் பார்ப்பதில்லை என்றே வைத்துக்கொள்கிறேன் அண்ணா. உங்கள் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு போய், தனியாகப் பட்டறை போட்டவர்கள் இருப்பார்களே. அவர்களில் எங்கள் தெருக்காரர் எத்தனை பேர்? வேலைக்குச் சேர்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

லேத்பட்டறை

ஒருத்தரும் இல்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மட்டுறுத்துநர்

இதற்குக் கீழே வந்த சில பதில்களை நீக்கியிருக்கிறோம். ஊர்க்கோடி எழுதியது தலைப்புக்கு உட்பட்டதுதான். தலைப்பில் இருப்பவர்கள் தொடரலாம்.

தொண்டாமுத்தூரான்

நடுவில் ஒரு நிஜமான பிரச்சினையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். எனக்குப் பத்து ஏக்கர் தென்னந்தோப்பு, கிணறு, போர் இரண்டும் உண்டு, கடன் இல்லை. ஜாதகம் கொண்டு போனால் முதல் கேள்வி “மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு?”. பிளஸ் டூ என்றால் காப்பிகூட வருவதில்லை. எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் எல்லாம் எம்.எஸ்ஸி., பி.இ. முடித்துவிட்டார்கள், குறை சொல்ல முடியாது. என் கூடப் படித்த இரண்டு பேர் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுத்தார்கள்.

ஐ.டி. கம்பெனியில் வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே பவர்டேபிள் அண்ணா, தபாலிலாவது ஒரு டிகிரி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பக்கத்தில் போட ஆகும்.

மெர்ச்சி அக்கா

காப்பிகூட வருவதில்லை 😂 ஆனாலும் ஒன்று கேட்கிறேன் அண்ணா. தோப்பைக் கட்டிக்கொண்டு போகும் பெண் தன் எம்.எஸ்ஸி.யை வைத்து அங்கே என்ன செய்வாள் என்று உங்கள் வீட்டில் யாராவது யோசித்தார்களா? பெண்கள் கேட்பது உங்கள் சர்டிபிகேட்டை இல்லை. வேலைக்கு அனுப்புவீர்களா மாட்டீர்களா என்பதை நேரடியாகக் கேட்க முடியாமல் அப்படிக் கேட்கிறார்கள்.

குவாலிட்டி (பெருந்துறை சிப்காட்)

பி.இ. மெக்கானிக்கல், சுமாரான ஒரு தனியார் கல்லூரி. லேத்பட்டறை அண்ணன் சொன்ன வெர்னியர் பிடிக்கத் தெரியாத பையன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்னியாகச் சேர்ந்தபோது எனக்குப் பக்கத்தில் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷின்) ஓட்டிய ஐ.டி.ஐ. பையனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். ஓவர்டைம் வேறு. ஊருக்குப் போகும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

இப்போது சில வருஷம் ஆகிவிட்டது. நான் குவாலிட்டியில் இருக்கிறேன், கஸ்டமர் ஆடிட் வந்தால் உட்கார்ந்து பேசுவது நான். அவன் இன்னும் அதே மெஷினில்தான். என்னைவிட அவனுக்கு மெட்டல் பற்றி நன்றாகத் தெரியும், இதை அடித்துச் சொல்வேன். மெஷினில் வெட்டும் இன்செர்ட் எப்போது உடையும் என்று சத்தத்திலேயே சொல்வான். ஆனால் கம்பெனி விதியில் இன்ஜினியர் பதவிக்கு டிப்ளமோ அல்லது டிகிரி என்று எழுதியிருக்கிறது. ஹெச்.ஆர். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் டிக் இல்லையென்றால் பெயரே மேலே போகாது. இது நியாயமா என்றால் இல்லை. முதல் வருஷச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிட வேண்டாம் என்றுதான் சொல்ல வருகிறேன்.

அவன் இப்போது சாயங்கால வகுப்புக்குப் போக விசாரித்துக்கொண்டிருக்கிறான். முன்னாலேயே டிப்ளமோ முடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். திருப்பூர், ஈரோடு, சென்னிமலை என்று நிறையத் தொழில்களின் கணக்கு எங்கள் மேஜைக்கு வரும். எனக்குப் பவர்டேபிள் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான். இவ்வளவு நேரம் யாரும் கேட்காதது ஆச்சரியம்.

பையன் உங்கள் யூனிட்டுக்கு எப்படி வருகிறான்? பங்குதாரராகவா, சம்பளத்துக்கா, இல்லை “மாமா பார்த்துக்குவாரு” என்ற நம்பிக்கையிலா?

ஏன் கேட்கிறேன் என்றால் இந்த மூன்றாவது வகையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருமகன், தம்பி மகன், ஒன்றுவிட்ட தம்பி என்று யாராவது பதினெட்டு வயதில் வந்து சேர்வான். சாவி, பாங்க், ஆட்கள் எல்லாம் அவன் கையில் இருக்கும். மாசம் செலவுக்குப் பணம் வாங்கிக்கொள்வான், கணக்கில் எங்கேயும் அவன் பெயர் இருக்காது. பி.எஃப். கிடையாது. சம்பளச் சீட்டு இல்லாததால் வீட்டுக் கடன் கேட்டால் வங்கி தராது. பதினைந்து வருஷம் கழித்து முதலாளியின் சொந்த மகன் படித்து முடித்து வருவான். அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குலதெய்வம் கோயிலில் வைத்துப் பஞ்சாயத்து பேசுவார்கள், எழுத்தில் எதுவும் இருக்காது.

அந்த மாதிரி வருகிறான் என்றால் உங்கள் அக்கா கத்துவதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது. அவருக்குக் கல்லூரி மேல் ஆசையைவிட உங்கள் மேல் பயம் அதிகமாக இருக்கலாம்.

இன்னொன்று. என்னிடம் வரும் முதலாளிகளில் பலர் தங்கள் பேலன்ஸ் ஷீட்டைத் தாங்களே படிக்க மாட்டார்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நல்ல தொழில்காரர்களே தடுமாறிப் போனார்கள். ரிட்டர்ன் எது, கிரெடிட் எது என்று புரியாமல், அக்கவுண்டன்ட் சொன்னதையே நம்பி அபராதம் கட்டினார்கள். தைக்கத் தெரிந்தவன் டெய்லர். கணக்கும் தெரிந்தால்தான் முதலாளி.

பவர்டேபிள்

கணக்குப்பிள்ளை சார், நேராகவே கேட்டுவிட்டீர்கள். பங்கு பற்றி நான் யோசிக்கவில்லை. எனக்கும் ஒரு பையன் இருக்கிறான், ஆறாவது படிக்கிறான். அக்கா பையன் என் பிள்ளை மாதிரி, விட்டுவிடவா போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

கணக்குப்பிள்ளை

ஆறாவது படிக்கிற பையன் இருக்கிறான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அக்கா அதை முன்னாலேயே எண்ணிப் பார்த்திருப்பார்.

மில் பொண்ணு (வேடசந்தூர் ரோடு)

இங்கே எல்லாரும் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். அது அக்கா மகளாக இருந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

என் அக்கா பிளஸ் டூ முடித்ததும் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்குப் போனாள். மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று கூட்டிப்போகும் திட்டம். சுமங்கலித் திட்டம் என்று பேப்பரில் எல்லாம் வந்ததே, அதுதான். முடிக்கும் முன்பே உடம்பு கெட்டுத் திரும்பி வந்தாள், தொகை முழுசாக வரவில்லை. அதைப் பார்த்துத்தான் அம்மா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். பி.எஸ்ஸி. முடித்து இப்போது ஒரு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். சம்பளம் அப்படி ஒன்றும் பெரிது இல்லை. ஆனால் சாயங்காலம் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வருவேன். எனக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

இப்போது அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022இல் ஆரம்பித்தது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அந்த ஆயிரத்தைச் சொல்லித்தான் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பச் சம்மதம் வாங்கினோம். பஸ்ஸும் இலவசம். தொழிலா படிப்பா என்று யோசிக்கும் வசதி எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் கிடையாதுங்க.

வடவள்ளி வாத்தியார்

நன்றாகச் சொன்னீர்கள் அம்மிணி. பவர்டேபிள் தம்பி, உங்கள் அக்கா பையன் அரசுப் பள்ளியா? ஆறாவதில் இருந்து அங்கேயே படித்திருந்தால் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டும். பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000. 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கினார்கள்.

பவர்டேபிள்

எட்டாவது வரை மெட்ரிக் பள்ளி சார். மாப்பிள்ளைக்கு வேலை குறைந்த பிறகுதான் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள்.

வடவள்ளி வாத்தியார்

அப்போது 7.5 கிடைக்காது. வீட்டில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று வாங்குங்கள். கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017இல் வருஷம் 55,000 வரை என்று வைத்தார்கள். அதற்கு மேல் பஸ், விடுதி, அது இது என்று கல்லூரிகள் போடுவதுதான் பெரிய தொகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் நன்கொடை கொடுத்து எங்கேயாவது சேர்ப்பதாக இருந்தால், என் மாணவனாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். ஒரு காலத்தில் 500க்கு மேல் இருந்த பொறியியல் கல்லூரிகள் இப்போது 400 சொச்சம். மூடிப் போனவற்றில் படித்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கல்லூரி முக்கியமா என்றால் எந்தக் கல்லூரி என்று திருப்பிக் கேட்பேன்.

அதே சமயம் டிகிரியே வேண்டாம் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021-22 கணக்கில் தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுப் பிள்ளைகள் 100 பேருக்கு 47 பேர் என்ற அளவில் உயர்கல்வியில் இருந்தார்கள், நாடு முழுக்க 28.4. எல்லாரிடமும் ஒரு பட்டம் இருக்கும் ஊரில் அது இருப்பது பெரிய விஷயம் இல்லை. இல்லாததுதான் கண்ணில் படும். பெருந்துறை தம்பி சொன்ன டிக் கட்டம் அதுதான்.

உங்கள் பையனுக்கு நடுவில் வழிகள் இருக்கின்றன, யாரும் சொல்லாததால் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், இரண்டு வருஷத்தில் டிப்ளமோ. நாயுடு கேட்ட அதே இரண்டு வருஷம்! டெக்ஸ்டைல் டெக்னாலஜி எடுத்தால் உங்கள் தொழிலுக்கே ஆகும். அப்புறம் மனசிருந்தால் பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால் பகுதிநேர பி.இ. கோவையிலேயே ஜி.சி.டி., சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. என்று இருக்கிறது, சாயங்கால வகுப்பு. என்னிடம் டிப்ளமோ முடித்து அந்த வழியில் போனவர்கள் இன்று பவுண்டரி, பம்பு கம்பெனிகளில் மேலாளர்களாக இருக்கிறார்கள். நேராக பி.இ. போனவர்களைவிட அவர்களுக்குத் தொழிலும் தெரியும்.

மெர்ச்சி அக்கா

திருப்பூரிலேயே முதலிபாளையத்தில் நிப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறதே சார். பையனுக்கு கார்மென்ட்ஸ்தான் பிடித்திருக்கிறது என்றால் பி.எஸ்ஸி. அப்பேரல் படிக்கலாம். மாமா யூனிட்டுக்கு சாயங்காலம் வரலாம். அண்ணா, ஆனால் வந்தால் சம்பளம் போட்டுக் கொடுங்கள், ‘செலவுக்கு’ என்று நீட்டாதீர்கள்.

லேத்பட்டறை

வாத்தியார் சொல்லும் பாலிடெக்னிக் வழி எனக்கும் சரி. நான் எதிர்ப்பது நாலு வருஷம் எதையும் தொடாமல் வெளியே வருவதைத்தான். எங்கள் பட்டறைக்கு டிப்ளமோ பையன்கள் வந்தால் மூன்று மாதத்தில் நிமிர்ந்துவிடுவார்கள்.

ஊர்க்கோடி தம்பி, உங்கள் பக்கம் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் இருந்தால் இங்கே சொல்லுங்கள். சி.என்.சி. புரோகிராமிங் வரைக்கும் நான் கற்றுக்கொடுக்கிறேன்.

ஊர்க்கோடி

சொல்கிறேன் அண்ணா. சம்பளம், பி.எஃப். இரண்டும் உண்டா என்று முதலில் எழுதுங்கள், அப்புறம் அனுப்புகிறேன்.

லேத்பட்டறை

ஈ.எஸ்.ஐ. உண்டு. பி.எஃப். பற்றி ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். ஆள் எண்ணிக்கை கணக்கு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

20 பேருக்குக் கீழே என்றால் பி.எஃப். கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டுச் சேரலாம். தனிச்செய்தி அனுப்புங்கள், விவரம் தருகிறேன்.

பவர்டேபிள்

நேற்று அக்கா வீட்டுக்குப் போய் வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். பையன் டிப்ளமோவுக்கு முகத்தைச் சுளித்தான், “காலேஜ்னா காலேஜ், இல்லைன்னா கம்பெனி, இது என்ன நடுவுல” என்கிறான். கூடப் படித்தவர்கள் எல்லாம் பி.இ. போகும்போது இவன் பாலிடெக்னிக் என்றால் கிண்டல் செய்வார்களாம். மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்து, “எழுதிக் குடுத்தா அனுப்பறேன்” என்றார். எதை எழுதிக் கொடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை சார், பங்குப் பத்திரம் போடாமல், சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும் என்று எழுத்தில் கொடுக்க முடியுமா? என் வீட்டிலும் கேட்க வேண்டும். வாத்தியார் சார், நேரடி இரண்டாம் வருஷத்துக்கு அரசு பாலிடெக்னிக்கில் விண்ணப்பம் எப்போது ஆரம்பிக்கும்? கணக்கு, கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவனுக்கு டெக்ஸ்டைல் தருவார்களா?

வடவள்ளி வாத்தியார்

கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்திருக்கிறான் அல்லவா, தருவார்கள். பிளஸ் டூ முடிவு வந்ததை ஒட்டி இணையத்திலேயே விண்ணப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வரும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே தயார் செய்யுங்கள். பின்னால் பி.இ. போவதாக இருந்தால் முதல் பட்டதாரிச் சான்றும் ஆகும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கொடுத்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று சுற்றி வர நாள் ஆகும். கிண்டலைப் பற்றிப் பையனோடு நான் பேசுகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வடவள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அக்காவையும் சேர்த்து.

கணக்குப்பிள்ளை

முடியும். வேலை நியமனக் கடிதம் ஒன்று, அதில் மாதச் சம்பளம், வருஷ லாபத்தில் இத்தனை சதவீதம் ஊக்கத்தொகை என்று தெளிவாக எழுதலாம். சம்பளம் வங்கி வழியாகவே போகட்டும், கையில் வேண்டாம். முதலில் உங்கள் வீட்டில் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் எழுதும் காகிதம் நாளைக்கு என் மேஜைக்குத்தான் வரும்.